அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய 17 நாட்கள்

(தோ பாயோவில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





'சிறுவணிகத்தில் நம் இளையர்கள்' என்ற தலைப்பில் பேசச் சொல்லித்தான் செயலாளர் என்னை அழைத்தார். வியாபாரத்தைப் பற்றிப் பேச இங்கே என்னைவிட அனுபவசாலிகள் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் வேறு ஒரு விஷயம் பேச அனுமதி கேட்டேன். கொடுத்தார், அவருக்கு நன்றி. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை என்று நாள் குறித்துக் கொடுத்த பிறகு, அந்த நாள் வரும்வரை ஒரு வீடு என்னென்ன செய்ய வேண்டும் என்பதுதான் அந்த விஷயம்.

நான் டாக்டர் இல்லை. பாலிடெக்னிக்கில் படித்தது சரக்குப் போக்குவரத்து. செய்வது துணி வியாபாரம். என் லாத்தாவுக்கு இந்த அறுவைச் சிகிச்சை நடந்தது, நான் கூடவே இருந்தேன். அவர் சம்மதம் கொடுத்த பிறகுதான் பேசுகிறேன். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று பட்டியலே போட்டுக் கொடுத்திருக்கிறார்.

நம் வீடுகளில் இந்த நோய்க்குப் பெயரே கிடையாது. "அவங்களுக்கு அது வந்திருக்காம்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வோம். சிங்கப்பூரில் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இதற்குத்தான். ஏறத்தாழ 13 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் வருகிறது. இந்த மண்டபத்தில் பெண்கள் பக்கம் எத்தனை நாற்காலி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆண்களுக்கும் வரும், நூற்றில் ஒன்று என்ற அளவில். அதனால் பின்வரிசையில் கைப்பேசி பார்க்கும் தம்பிகளும் கொஞ்சம் கேட்கலாம்.

லாத்தாவுக்கு அப்போது வயது 46. குளிக்கும்போது இடது பக்கம் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. வலி இல்லாத கட்டிதான் நம்மை ஏமாற்றுகிறது, பல பேர் அதனாலேயே மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். அவர் அந்த வாரமே பாலிகிளினிக் போனார். அங்கிருந்து மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்தார்கள். மேமோகிராம், அல்ட்ராசவுண்ட், பிறகு ஊசி போட்டுச் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதனை. புற்றுநோய் என்று உறுதியானது. ஆரம்பக் கட்டம்தான், ஆனால் ஒரே மார்பில் இரண்டு இடத்தில் இருந்தது. 17 நாள் கழித்து அறுவைச் சிகிச்சை என்று தேதி தந்தார்கள்.

அன்று இரவே வீட்டில் கூட்டம் கூடிவிட்டது. ஒன்பது வாரத்தில் லாத்தாவின் மூத்த மகளுக்கு நிக்காஹ் வைத்திருந்தோம். மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாயிற்று. "கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார் பெரியவாப்பா. கருஞ்சீரகமும் தேனும் நாற்பது நாள் சாப்பிட்டுப் பார்க்கலாம் என்றார் ஒரு மாமி. ஊருக்குக் கொண்டுபோய்ப் பார்ப்போம் என்றார் இன்னொருவர். எல்லாரும் பாசத்தில்தான் பேசினார்கள். யார் மேலும் குறை சொல்ல மாட்டேன். லாத்தா சமையலறையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னார்: "எம் மவ கல்யாணத்துல நான் நிக்கணும்னா, ஆபரேஷன் மொதல்ல நடக்கணும்."

அதோடு கூட்டம் முடிந்தது.

ஊருக்குப் போவதைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே நல்ல மருத்துவமனைகள் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்திலிருந்து 1954-ல் உருவானதுதான் சென்னை அடையாறு மருத்துவமனை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்தச் சிகிச்சை ஒரே நாளில் முடிவதில்லை. கட்டு மாற்ற வேண்டும், குழாய் எடுக்க வேண்டும், சதைப் பரிசோதனை முடிவு வர வேண்டும், பிறகு கதிர்வீச்சோ கீமோவோ ஆண்டுக்கணக்கில் மாத்திரையோ தேவைப்படலாம். அத்தனைக்கும் பக்கத்தில் ஆள் வேண்டும். இந்தியாவில் செய்தால் நம் மெடிசேவைத் தொடவும் முடியாது. தள்ளிப்போடலாமா என்ற கேள்வியை மாமாவிடமும் மச்சானிடமும் கேட்காமல் டாக்டரிடம் கேளுங்கள். எங்களுக்கு அவர் சொன்னது: தேவையான சோதனைகளுக்காகச் சில வாரம் ஆவதில் தவறில்லை, கல்யாணத்துக்காக மாதக்கணக்கில் தள்ளக் கூடாது.

இன்னொன்று. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் நோயாளிதான். கணவரின் அனுமதி சட்டப்படி தேவையில்லை. எங்கள் மச்சான் பேனாவை எடுத்துக்கொண்டு முன்னால் போனார், பழக்கதோஷம். டாக்டர் சிரித்துக்கொண்டே படிவத்தை லாத்தா பக்கம் நகர்த்தினார்.

கையெழுத்துப் போடுமுன் ஒரு தேர்வு இருக்கிறது என்பதே பல பேருக்குத் தெரியாது. மார்பை முழுவதும் எடுப்பது ஒரு வழி. கட்டியையும் சுற்றியுள்ள கொஞ்சம் சதையையும் மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுப்பது இன்னொரு வழி. நூறு வருடத்துக்கு முன்பு மார்பையும் அடியிலுள்ள தசையையும் சேர்த்தே வெட்டி எடுப்பார்கள், நிறைய வெட்டினால்தான் பிழைக்கலாம் என்ற எண்ணம். அமெரிக்க அறுவை மருத்துவர் பெர்னார்ட் ஃபிஷர் அதைச் சோதித்துப் பார்த்தார். 1,800-க்கும் மேற்பட்ட பெண்களை 20 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2002-ல் முடிவை வெளியிட்டார். ஆரம்பக் கட்ட நோயில், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு பெற்றவர்களும் முழு மார்பையும் எடுத்தவர்களும் ஒரே அளவில்தான் உயிர் வாழ்ந்தார்கள். அதனால் "எல்லாத்தையும் எடுத்துட்டா நிம்மதி" என்று வீட்டார் முடிவு கட்டக் கூடாது. லாத்தாவுக்கு இரண்டு இடத்தில் இருந்ததால் முழுவதும் எடுப்பது நல்லது என்று டாக்டர் சொன்னார், அவரும் ஒப்புக்கொண்டார். உங்கள் வீட்டில் வேறாக இருக்கலாம். மார்பை மறுபடி அமைக்கும் அறுவைச் சிகிச்சை உண்டா, அதே நேரத்திலா பிறகா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். வெட்கப்பட்டுக் கேட்காமல் விட்டவர்கள் உண்டு.

கேள்விகளுக்கு 555 நோட்டு வாங்கினோம். கடனுக்குச் சாமான் வாங்கி எழுதிவைப்போமே, அதே சின்ன நோட்டு. ராத்திரி இரண்டு மணிக்குத் தோன்றும் கேள்விகளை லாத்தா அதில் எழுதிவைப்பார். டாக்டரைப் பார்க்கப் போகும்போது இரண்டு பேர் கூடப் போவோம். ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்க, இன்னொருவர் எழுத. "புற்றுநோய்" என்ற சொல் காதில் விழுந்த பிறகு அடுத்த பத்து நிமிடம் சொல்வது எதுவும் நோயாளியின் மனதில் நிற்காது. வீட்டுக்கு வந்த பிறகு நோட்டைப் பார்த்துத்தான் டாக்டர் என்ன சொன்னார் என்று அவருக்கே தெரியவந்தது.

மனதைப் பற்றிச் சொல்கிறேன். வந்தவர்கள் எல்லாரும் சொன்ன ஒரே வார்த்தை, "உசுரு முக்கியம்மா, மத்ததெல்லாம் என்ன." உண்மைதான். ஆனால் அந்த வார்த்தை வந்ததும் லாத்தாவின் வாய் மூடிவிடும். ஒரு நாள் என்னிடம் சொன்னார், "தம்பி, உசுரு முக்கியம்னு எனக்குத் தெரியாதா? ரெண்டு புள்ளைக்குப் பால் கொடுத்த மாரு. அது போவுதுன்னு ஒரு நாளு அழ விடுங்களேன்." அன்றைக்குப் பிறகு எங்கள் உம்மா வருகிறவர்களை வாசலிலேயே பிடித்து, "புத்திமதி சொல்றதா இருந்தா உள்ள போவாதீங்க, சும்மா உக்காந்திருக்கறதா இருந்தா போங்க" என்று சொல்ல ஆரம்பித்தார். மருத்துவமனையில் இதற்கென்றே பயிற்சி பெற்ற மார்பகத் தாதி இருப்பார். ஆண் டாக்டரிடம் கேட்கக் கூச்சமானதை அவரிடம் கேட்கலாம். பெண் டாக்டர் வேண்டும் என்று முன்பே கேட்டுப் பார்க்கலாம், கிடைக்கும் இடத்தில் ஏற்பாடு செய்வார்கள்.

1811-ல் பாரிஸ் நகரத்தில் ஃபேனி பர்னி என்ற ஆங்கில நாவலாசிரியைக்கு மயக்க மருந்தே இல்லாமல் மார்பை எடுத்தார்கள். (அதற்கு 7 வருடத்துக்கு முன்பே, 1804-ல், ஜப்பானில் ஹனவோகா செய்ஷு மூலிகை மயக்க மருந்து கொடுத்து இதே சிகிச்சையைச் செய்திருக்கிறார். செய்தி ஐரோப்பாவுக்குப் போய்ச் சேரவில்லை.) அந்த அம்மா தன் சகோதரிக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. படித்தால் கை நடுங்கும். என் மனதில் தைத்தது கத்தியைப் பற்றிய பகுதி இல்லை. கணவருக்குத் தெரிந்தால் தாங்க மாட்டார் என்று, சிகிச்சை நடக்கும் நேரத்தில் அவர் வீட்டில் இல்லாதபடி அந்த அம்மாவே ஏற்பாடு செய்திருக்கிறார். அப்பேர்ப்பட்ட நாளிலும் கணவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவர் தலையில்தான். அதன் பிறகு 1840 வரை உயிரோடு இருந்தார்.

இருநூறு வருடம் ஆகியும் நம் வீடுகளில் அது மாறவில்லை என்பது என் அபிப்பிராயம். அறுவைச் சிகிச்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது லாத்தா என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? ஒரு மாதத்துக்கு வேண்டிய மசாலா அரைத்தார். மகனின் பள்ளிச் சீருடைகளுக்கு இஸ்திரி போட்டார். மச்சானுக்கு எந்த மாத்திரை எந்த டப்பாவில் என்று எழுதி ஒட்டினார். உம்மா அழுதால் உம்மாவைத் தேற்றினார். வீட்டில் யாருக்கு நோய் என்றே புரியவில்லை. ஆண்களே, அந்த 17 நாளும் நம் வேலை. அரிசி எங்கே, சலவை இயந்திரம் எப்படி ஓடும், பிள்ளைக்கு எத்தனை மணிக்குத் துணைப்பாட வகுப்பு என்பதைக் கற்றுக்கொள்ள அது போதுமான காலம்.

மச்சானையும் விட்டுவிட முடியாது. ஒரு நாள் கடையை மூடும் நேரத்தில் வந்தார். துணிக்கட்டுகளுக்குப் பின்னால் போய் நின்று அழுதார். அங்கே அழட்டும். வீட்டில் லாத்தா முன்னால் அழுதால் லாத்தாதான் தேற்ற வேண்டும். இப்படிப்பட்ட நேரத்தில் ஓர் ஆணுக்கும் போய் நிற்க ஒரு கடை வேண்டும்.

பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். மகனுக்கு 11 வயது. "உம்மாவுக்கு மார்புல புற்றுநோய்க் கட்டி, டாக்டர் எடுத்துடுவாங்க, கொஞ்ச நாளு உம்மா உன்னைத் தூக்க முடியாது, இது ஒன்னால வந்ததில்ல, தொட்டா ஒட்டாது" என்று லாத்தாவே சொன்னார். "என்னை யாரு ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போவா?" என்று மட்டும் கேட்டான். அதுதான் அவன் கவலை.

இனி என் தொழில் பக்கம் வருகிறேன், துணி. சிகிச்சை முடிந்த சில வாரத்துக்குக் கையைத் தலைக்கு மேல் தூக்குவது கஷ்டம். பாஜு கூரோங், சுடிதார் மேல்சட்டை எல்லாம் தலை வழியாகப் போட வேண்டியவை, ஆகாது. முன்பக்கம் முழுவதும் பொத்தான் வைத்த, தளர்வான பருத்திச் சட்டை நாலைந்து வேண்டும். இரண்டு அளவு பெரிய ஆண்கள் சட்டை கூடப் போதும். நைட்டி என்றால் இடுப்புவரை பொத்தான் உள்ளது. இரண்டு கையையும் தூக்கி ஊசி குத்தும் முக்காடு கஷ்டம், சும்மா மாட்டிக்கொள்ளும் வகையே வசதி. அக்குளில் நிணநீர்க் கணுக்களையும் எடுத்தால் ஒரு சின்னக் குழாயும் அதன் முனையில் ஒரு குடுவையும் தொங்கவிட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள். காயத்தில் ஊறும் நீர் அதில் சேரும். தினமும் அளந்து எழுத வேண்டும். நீர் நன்றாகக் குறைந்த பிறகுதான் குழாயை எடுப்பார்கள், ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். அந்தக் குடுவையை வைக்க லாத்தா சட்டைகளின் உள்பக்கம் பை தைத்துக்கொண்டார். கைப்பையில் வைத்துக்கொண்டு நடப்பதைவிட எவ்வளவோ மேல்.

வீட்டில் மேல் அலமாரியில் இருப்பதையெல்லாம் இடுப்பு உயரத்துக்கு இறக்கிவையுங்கள். நம் வீவக வீடுகளில் துணி காயப்போடும் மூங்கில் கழி இருக்கிறதே, ஈரத் துணியோடு அதை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் குழாயில் செருகுவது அந்தக் கைக்கு வேண்டவே வேண்டாம். தேக்சாவும் அப்படித்தான். அதற்காகக் கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். உடற்பயிற்சி நிபுணர் காட்டித்தரும் பயிற்சியைச் சொன்ன நாளிலிருந்து செய்ய வேண்டும். முன்னாளில் இந்தப் பெண்கள் கையால் கடின வேலையே செய்யக் கூடாது, கை வீங்கிவிடும் என்பார்கள். 1996-ல் கனடாவின் வான்கூவரில் டான் மெக்கன்சி என்ற மருத்துவர் நோயிலிருந்து மீண்ட 24 பெண்களை டிராகன் படகில் ஏற்றித் துடுப்புப் போட வைத்தார், கை வீங்கவில்லை. 1997-ல் தொடங்கிய நம் சிங்கப்பூர் மார்பகப் புற்றுநோய் அறநிறுவனத்துக்கும் அப்படி ஒரு படகுக் குழு இருக்கிறது. இதே பாதையில் போய்வந்த பெண்களோடு பேசவும் அங்கே வழி உண்டு. லாத்தாவைப் படகில் ஏற்ற முடியவில்லை, தண்ணீர் என்றால் பயம். பேசப் போனார்.

பணம். பாலிகிளினிக் கடிதத்தோடு போனால் சலுகைக் கட்டணத்தில் நிபுணரைப் பார்க்கலாம். பதற்றத்தில் நேரே தனியாரிடம் போய்விட்டுப் பிறகு பில்லைப் பார்த்துத் திகைப்பவர்கள் உண்டு. மருத்துவமனையில் சேருமுன் நிதி ஆலோசகர் உத்தேசக் கணக்குத் தருவார். எந்த வார்டு, மெடிசேவ் எவ்வளவு, மெடிஷீல்டு லைஃப் எவ்வளவு, கையிலிருந்து எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 2015-ல் வந்த மெடிஷீல்டு லைஃப் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். ஊரிலிருந்து வந்து நீண்டகால வருகை அனுமதியில் இருக்கும் நம் மருமகள்மாருக்கு அது கிடையாது. கணவரின் மெடிசேவைப் பயன்படுத்தலாம், ஆனால் அது சீக்கிரம் கரையும். அவர்களுக்குக் காப்புறுதி எடுத்திருக்கிறீர்களா என்று இன்று இரவே வீட்டில் பாருங்கள். நோய் வந்த பிறகு கிடைப்பது மிகக் கடினம். முடியாதவர்கள் மருத்துவச் சமூக சேவகரைப் பார்க்க வெட்கப்பட வேண்டாம். அதற்குத்தான் அவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்.

மருந்து. சாப்பிடும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய்க் காட்டுங்கள். சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை மட்டுமில்லை. கருஞ்சீரக எண்ணெய், மீன் எண்ணெய், மஞ்சள் மாத்திரை, பூண்டு மாத்திரை எல்லாம். சிலது ரத்தப்போக்கைக் கூட்டும், எப்போது நிறுத்துவது என்று அவர்கள் சொல்வார்கள். மாமி கொடுத்ததாயிற்றே என்று மறைக்கக் கூடாது.

கடைசி நாள். எத்தனை மணியிலிருந்து சாப்பிடக் கூடாது, தண்ணீர் எதுவரை என்பது தாளில் இருக்கும், அப்படியே பின்பற்ற வேண்டும். நகப்பூச்சை எடுக்க வேண்டும். விரல் நுனியில் கருவி மாட்டி ரத்தத்தில் ஆக்ஸிஜன் பார்ப்பார்கள், அடர்ந்த நிறம் அதற்கு இடைஞ்சல். கல்யாண வீடு என்று கருமருதாணி போட்டிருந்தால் தாதியிடம் சொல்லிவிடுங்கள். நகை எல்லாம் கழற்ற வேண்டும், கருகமணியும்தான். லாத்தா அதை 24 வருடமாகக் கழற்றியதில்லை. வார்டில் வைத்து அவசரமாகக் கழற்ற வேண்டாம் என்று, முதல் நாள் இரவு வீட்டிலேயே உம்மா கழற்றி மச்சான் கையில் கொடுத்தார். தலையை மூட அறுவை அறைத் தொப்பி தருவார்கள், கடைசிவரை முக்காட்டோடு போக விரும்பினால் முன்பே சொல்லிவைக்கலாம். தொழுகையைப் பற்றி எங்கள் இமாமிடம் கேட்டோம். உட்கார்ந்தோ படுத்தோ தொழலாம், கட்டின் மேல் தண்ணீர் படாமல் இருக்க மார்க்கத்தில் சலுகை உண்டு என்று விளக்கினார். உங்கள் மத்ஹபுப்படி உங்கள் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

யாரும் எளிதில் சொல்லாத ஒன்று: அக்குள் கணுக்களைக் கண்டுபிடிக்க நீல நிறச் சாயம் ஏற்றினால், அடுத்த நாள் சிறுநீர் நீலமாகவோ பச்சையாகவோ போகும். தெரியாவிட்டால் நெஞ்சே நின்றுவிடும். எங்களுக்குத் தாதி முன்பே சொன்னதால் லாத்தா சிரித்தார், அந்த வாரத்தின் முதல் சிரிப்பு. மேல்கையின் உள்பக்கம் மரத்துப்போவதும் பலருக்கு நடக்கும்.

கட்டைப் பிரித்தபோது முதலில் பார்ப்பது யார் என்பதையும் லாத்தா முன்பே முடிவு செய்திருந்தார். தாதி பக்கத்தில் நிற்கத் தான் மட்டும் பார்த்தார். மச்சானுக்குக் காட்ட ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். மச்சான் கேட்கவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை. அன்று இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது, பட்டியலிலும் இல்லை.

பரிசோதனை முடிவு இரண்டு வாரத்தில் வந்தது. அந்த இரண்டு வாரம் முதல் 17 நாளைவிட நீளம் என்பார் லாத்தா. கீமோ தேவைப்படவில்லை. ஆண்டுக்கணக்கில் ஹார்மோன் மாத்திரை. மகள் நிக்காஹ் அன்று முன்பக்கம் பொத்தான் வைத்துத் தைத்த பச்சைப் பட்டு உடையில் நின்றார். தைத்தது என் கடையில்.

2002 முதல் இங்கே மார்பகப் பரிசோதனைத் திட்டம் நடக்கிறது. 50 முதல் 69 வயதுவரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மேமோகிராம், 40-லிருந்து 49 வரை டாக்டரிடம் பேசி வருடத்துக்கு ஒரு முறை. மூன்றாவது மேசையில் எங்கள் சங்கத்து மகளிர் அணியினர் பாலிகிளினிக்கில் நாள் குறித்துக் கொடுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். லாத்தாவும் அங்கேதான் இருக்கிறார். ஆண்கள் கேட்க வேண்டியதை என்னிடமும் மச்சானிடமும் கேளுங்கள், பிரியாணி வரிசையில் நிற்போம்.